பாதையும் எல்லையும்: வடதுருவ நாடோடி மக்களின் வரலாற்றில் திருச்சபையின் பங்கு

காதேசில் பாளயமிறங்கியிருந்த மோசே, ஏதோமின் அரசனுக்குத் தூது அனுப்பிய செய்தியை எண்ணாகமம் இருபதாம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அவர் கேட்டது ஏதோமின் நிலத்தை அன்று, வழியை மட்டுமே. விளைநிலத்தில் கால்வைப்பதில்லை என்றும், பொதுப்பாதையைவிட்டு விலகுவதில்லை என்றும், மந்தைகள் பருகும் நீருக்கும் உரிய விலையைத் தருவதாகவும் அவர் வாக்களித்தார். ஏதோம் மறுத்தது, படையோடு எதிர்வந்தது. இஸ்ரவேல் வேறு வழியாய்த் திரும்பிச் சென்றது. இப்பகுதியை நாம் பிரசங்க பீடத்தில் எடுத்து விளக்குவது அரிது. எனினும், மந்தையோடு நடந்து வாழும் மக்களுக்கும், நிலத்தில் ஊன்றி நிற்கும் அரசுகளுக்கும் இடையே நூற்றாண்டுகளாக நடைபெற்றுவரும் வழக்கின் சுருக்கம் அதில் அடங்கியிருக்கின்றது.

அவ்வழக்கின் ஒரு பகுதியை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம். நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் வரலாறே நாம் எடுத்துக்கொள்வது. (நம் வழக்கிலுள்ள ‘சாமி’ என்னும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பழைய நூல்கள் இவர்களை லாப்பியர் என்றழைத்தன. அப்பெயரை அம்மக்கள் இன்று விரும்புவதில்லை.) தொலைதூரத்துப் பனிநாட்டு மக்களின் கதை நமக்கெதற்கு என்று வாசகர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை தரங்கம்பாடியில் இருக்கின்றது.

1. ஒரே கழகம், இரு பணித்தளங்கள்

டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கினர் என்பதை நாம் நன்கறிவோம். இப்பணியை மேற்பார்வையிட அதே அரசர் 1714-இல் கோபன்ஹேகனில் அருட்பணிக் கழகம் ஒன்றை நிறுவினார். அக்கழகத்தின் பார்வை சோழமண்டலக் கரையோடு நின்றுவிடவில்லை. நார்வே அக்காலத்தில் டென்மார்க் அரசரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆகவே, 1716-இல் தாமஸ் வான் வெஸ்டன் என்னும் நார்வே நாட்டுப் போதகரைச் சாமி மக்களிடையே பணியாற்றும்படி அக்கழகம் நியமித்தது. நம் முன்னோர்க்கு நற்செய்தியை அனுப்பிய அதே மேசையிலிருந்துதான் அவர்களுக்கும் பணியாளர் புறப்பட்டனர்.

இரு பணித்தளங்களுக்கும் ஒற்றுமை உண்டு. சீகன்பால்கு தமிழைக் கற்று, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடியக் கண்டார். வான் வெஸ்டனும் சாமி மொழியிலேயே நற்செய்தி அறிவிக்கப்படவேண்டும் என்று உறுதியாக நின்றார். அம்மொழியில் பணியாற்றுவோரைப் பயிற்றுவிக்க டிரோண்டெய்ம் நகரில் ஏற்பாடு செய்தார். அதே வான் வெஸ்டன் அம்மக்களின் வழிபாட்டு முரசுகளைப் பறித்துக் கோபன்ஹேகனுக்கு அனுப்பியும் வைத்தார். அவை 1728-ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்தழிந்தன. மொழியைப் போற்றிய கை நினைவைப் பறித்த கையாகவும் இருந்தது.

சுவீடன் பகுதியில் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யொக்மொக் போன்ற இடங்களில் அரசர் குளிர்காலச் சந்தைகளை நிறுவினார். தேவாலயம், சந்தை, நீதிமன்றம், வரிவசூல் ஆகிய நான்கும் அங்கே ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கூடின. நாடோடி மக்கள் போதகரைக் கண்ட நாளிலேயே வரிவாங்குபவரையும் கண்டனர். இவ்விருவரையும் அவர்கள் எவ்வாறு பிரித்தறிந்திருப்பர் என்று நாம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

2. பாதையின் ஒழுங்கு

நாடோடி என்னும் சொல்லைக் கேட்டதும், மனம்போன போக்கில் அலைபவர் என்று நாம் கருதிவிடுகின்றோம். சாமி மக்களின் வாழ்க்கையோ கண்டிப்பான ஒழுங்குடையது. கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து அட்டைகளில் நாம் காணும் துருவமானே அவர்களுடைய மந்தை. குளிர்காலத்தில் அம்மான் பனியைக் குளம்பினால் தோண்டி, அடியிலுள்ள பாசியைத் தின்று உயிர்வாழும். நம் அடுக்களையில் மணப்பொருளாகப் பயன்படும் கல்பாசிக்கு உறவான பாசி அது. அது செழித்து வளர்வது உள்நாட்டுக் காடுகளிலும் மேட்டு நிலங்களிலும் ஆகும். ஒருமுறை மேய்ந்து தீர்ந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். கோடை வந்ததும் உள்நாட்டில் கொசுக்கூட்டம் பெருகும். அப்பொழுது மந்தை பசும்புல்லையும் கடற்காற்றையும் நாடி மேற்கே நார்வேயின் கடற்கரைக்கும் தீவுகளுக்கும் செல்லும். இலையுதிர்காலத்தில் மீண்டும் உள்நாட்டிற்குத் திரும்பும்.

ஆகவே, குடும்பங்கள் மந்தையைப் பின்சென்றன. எந்தக் குடும்பத்திற்கு எந்தப் பாதை, எந்த மேய்ச்சல், எந்த ஏரி என்பதை மரபு வரையறுத்திருந்தது. குளிர்கால இல்லமும் கோடைகால இல்லமும் சேர்ந்ததே அவர்களுடைய ஊர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்டிருந்ததால் அதை ஊர் என்று வெளியார் உணரவில்லை. அரசுகள் எல்லைக்கோடு வரைந்தபொழுது, அக்கோடு இரு நாடுகளுக்கு இடையே செல்வதாக அரசர்கள் எண்ணினர். உண்மையிலோ அது பல குடும்பங்களின் ஊருக்கு நடுவே சென்றது.

3. 1751: வழிவிட்ட எல்லை

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வடகோடியில் எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஒரே குடும்பம் இரண்டு அரசர்களுக்கும், சில இடங்களில் மூன்று அரசர்களுக்கும் வரி செலுத்திற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க 1742 முதல் 1745 வரை பேட்டர் ஷ்னிட்லர் என்னும் படைத்தலைவர் எல்லைப்பகுதியெங்கும் சென்று, சாமி மக்கள் உள்ளிட்ட பலரைச் சாட்சிகளாக விசாரித்து, அவர்களுடைய பாதைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பதிவு செய்தார். 1751-இல் ஸ்ட்ரோம்ஸ்டாட் என்னுமிடத்தில் டென்மார்க்-நார்வே அரசும் சுவீடன் அரசும் எல்லை உடன்படிக்கை செய்தன. அதனோடு முப்பது பிரிவுகள் கொண்ட இணைப்பு ஒன்றும் சேர்க்கப்பட்டது.

அவ்விணைப்பு உலக வரலாற்றில் கருதத்தக்கது. லாப்பிய இனத்தைப் பாதுகாப்பதே தன் நோக்கம் என்று அது கூறிற்று. ஒரு குடும்பம் ஒரே அரசின் குடியாக இருந்து ஒரே அரசிற்கு வரி செலுத்தவேண்டும் என்று விதித்தது. ஆயினும் இரு நாடுகளின் நிலமும் அவர்களுக்குத் தேவை என்பதை ஏற்று, இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் பழைய வழக்கப்படி மந்தையோடு எல்லையைக் கடக்கும் உரிமையை அது உறுதிசெய்தது. கடப்பவர் தம் மான்களின் எண்ணிக்கையைத் தெரிவித்து, மேய்ச்சலுக்குச் சிறு தொகை செலுத்தினால் போதும். இரு அரசுகளுக்கிடையே போர் மூண்டாலும் இவ்வுரிமை நிற்காது. அவர்களுடைய சிறு வழக்குகளை அவர்களுள் ஒருவரே தீர்க்கவும் ஏற்பாடு இருந்தது.

மோசே ஏதோமிடம் கேட்டதும் ஏறத்தாழ இதுவே: பழக்கமான வழி, பயிருக்குச் சேதமின்மை, பயன்படுத்துவதற்கு விலை. இதனை அரசர்களின் கருணை என்று மட்டும் நாம் கொண்டாடிவிடலாகாது. வரியைச் சீர்செய்வதும் அவர்கள் நோக்கமாக இருந்தது. அம்மக்களுள் எவரும் அதில் கையொப்பமிடவில்லை. ஆயினும், எல்லையை வரைந்துகொண்டே பாதையையும் காக்க இயலும் என்பதற்கு அது சான்றாய் நிற்கின்றது. எல்லை என்றால் வேலி என்றே கருதும் நம் காலத்திற்கு இச்சான்று தேவை.

4. 1852: அடைக்கப்பட்ட வழி

பின்லாந்து 1809-இல் சுவீடனிடமிருந்து ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு மாறியது. மேய்ச்சல், மீன்பிடி உரிமைகள் பற்றி ருஷ்யாவுக்கும் நார்வேக்கும் நடந்த பேச்சு முறிந்தது. 1852 செப்டம்பரில் நார்வே-பின்லாந்து எல்லை மந்தைகளுக்கு அடைக்கப்பட்டது. கௌத்தொகெய்னோ பகுதி மக்கள் தலைமுறைகளாய்ப் பயன்படுத்திவந்த குளிர்கால மேய்ச்சல் நிலம் ஒரே ஆணையால் அந்நிய நாடாயிற்று.

இதே காலத்தில் அம்மக்களிடையே எழுப்புதல் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. சுவீடனின் வடகோடியில், எல்லையாற்றின் கரையிலுள்ள கரேசுவாண்டோவில் ஆயராயிருந்தவர் லார்ஸ் லேவி லெஸ்டாடியஸ். சாமி மரபில் வந்தவர். சிறந்த தாவரவியல் அறிஞர். 1844-இல் மில்லா கிளெமென்ட்ஸ்டாட்டர் என்னும் எளிய சாமிப் பெண்ணின் விசுவாச அனுபவத்தைக் கேட்டு அவர் உள்ளம் மாறினார். அவருடைய பிரசங்கம் மக்களின் மொழியில், மக்களின் உவமைகளில், சாராய வியாபாரத்தைக் கடுமையாய்த் தாக்கிற்று. அவ்வெழுப்புதலை எல்லைகளுக்கு அப்பால் கொண்டுசென்றவர்களுள் நாடோடிக் குடும்பங்கள் முதன்மையானவை. மந்தை சென்ற வழியே நற்செய்தியும் சென்றது.

கௌத்தொகெய்னோவில் எழுப்புதல் பெற்றோருள் ஒரு சாரார் திருச்சபையோடும் அரசோடும் மோதினர். சிலர் தண்டிக்கப்பட்டனர். சாமி மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து 1840-இல் வெளியிட்ட ஸ்டாக்பிளெத் அவர்களிடம் அனுப்பப்பட்டும் அமைதி ஏற்படவில்லை. 1852 நவம்பர் 8-ஆம் நாள் அவர்கள் கிராமத்தைத் தாக்கினர். சாராயம் விற்ற வணிகரும் அரசு அலுவலரும் கொல்லப்பட்டனர். ஆயர் ஹ்வொஸ்லெப் சாட்டையால் அடிக்கப்பட்டார். இருவர்க்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1854 அக்டோபரில் அஸ்லாக் ஹெட்டாவும் மோன்ஸ் சோம்பியும் தலைவெட்டப்பட்டனர். அவர்களுடைய மண்டையோடுகள் ஆராய்ச்சிக்கென்று பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டன. 1997-இலேதான் அவை மீட்கப்பட்டுக் கிறிஸ்தவ அடக்கம் பெற்றன.

இவ்வன்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. அதற்குக் காரணம் எல்லை அடைப்பு மட்டுமே என்றும் கூறவில்லை. கடன், சாராயம், சமய வேகம், அவமதிப்பு ஆகிய பலவும் அங்கே ஒன்றுகூடின. ஆனால் திருச்சபை அந்நாளில் எங்கே நின்றது என்னும் வினா நம்மை விடுவதில்லை. ஆலயத்தில் ஒழுங்கு குலைந்தபொழுது அது பேசிற்று. மேய்ச்சல் வழி அடைக்கப்பட்டபொழுதோ, அதை அருட்பணியைச் சார்ந்த காரியமாக அது கொள்ளவில்லை.

இருளினூடே ஓர் ஒளியும் உண்டு. அஸ்லாக்கின் தம்பி லார்ஸ் ஹெட்டா பதினெட்டு வயதில் சிறை சென்றார். சிறையிலிருந்தபோதே சமய நூல்களைத் தம் தாய்மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். 1895-இல் வெளிவந்த முழுச் சாமி வேதாகமத்தின் மொழிபெயர்ப்பில் அவருக்குச் சிறப்பான பங்கு உண்டு.

5. கூடாரத்தில் இருத்தலும், கூடாரத்தைப் பெயர்த்தலும்

1889-இல் சுவீடன்-பின்லாந்து எல்லையும் மந்தைகளுக்கு அடைக்கப்பட்டது. நார்வேக் கடற்கரையில் உழவர் குடியேற்றம் பெருகிற்று. மான்கள் விளைவித்த சேதத்திற்கு ஒரு பகுதியின் மேய்ப்பர் அனைவரையும் கூட்டாகப் பொறுப்பாக்கும் சட்டம் 1883-இல் வந்தது. 1905-இல் நார்வேயும் சுவீடனும் பிரிந்தன. 1919-இன் மேய்ச்சல் உடன்படிக்கை, எல்லை கடந்து நார்வேக்குள் வரக்கூடிய மான்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. கரேசுவாண்டோவின் பல குடும்பங்கள் தம் கோடைகால நிலத்தை இழந்தன. சுவீடன் அரசு அவர்களைத் தெற்கே தொலைவிலுள்ள பகுதிகளுக்கு அனுப்பிற்று. இவ்வாறு பெயர்க்கப்படுதல் 1930-களின் தொடக்கம்வரை நீடித்தது. சென்ற இடத்தில் ஏற்கெனவே வேறு சாமிக் குடும்பங்கள் மந்தை மேய்த்துவந்தன. ஆகவே அங்கும் பிணக்கு எழுந்தது. நாடோடியாயிற்றே, எங்கே போனாலென்ன என்று அலுவலர் எண்ணினர் போலும். பாதையுள்ள நாடோடியை அப்பாதையிலிருந்து பெயர்ப்பது, உழவரை நிலத்திலிருந்து பெயர்ப்பதற்கு ஒப்பானது என்பதை அவர்கள் உணரவில்லை.

இக்காலத்திலே திருச்சபை நேரடியாகச் செய்ததொன்றை இங்கு மறைக்கலாகாது. 1913-இல் சுவீடனில் நாடோடிப் பள்ளிகள் ஏற்படுத்தப்பட்டன. லூலியோ மறைமாவட்டத்தின் முதற் பேராயர் ஒலோப் பெரிக்விஸ்ட் இத்திட்டத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர். மான் மேய்க்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு படித்தால் வீட்டு வசதிக்குப் பழகி மேய்ச்சலை விட்டுவிடுவர் என்று கருதி, அவர்களுக்குக் கூடாரத்திலும் குடிசையிலும் குறைந்த பாடத்திட்டத்தோடு கல்வி வழங்கப்பட்டது. மேய்ச்சலை விட்டுவிட்ட சாமி மக்களோ சாமியராகவே கருதப்படாமல் உரிமை இழந்தனர். ஆக, ஒரு கை அவர்களைக் கூடாரத்திலேயே இருக்கச் சொல்லிற்று. மறு கை அக்கூடாரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் எறிந்தது. இரண்டிலும் அவர்களைக் கேட்டவர் இல்லை.

அவர்கள் பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்த நாளும் உண்டு. 1917 பிப்ரவரி 6-ஆம் நாள், எல்சா லௌலா ரென்பெரி என்னும் பெண்மணியின் முன்முயற்சியால், நார்வே, சுவீடன் நாடுகளின் சாமி மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் டிரோண்டெய்ம் நகரில் முதன்முறையாக ஒன்றுகூடித் தம் மேய்ச்சல் உரிமையையும் கல்வியையும் பற்றி ஆலோசித்தனர். அவர்களுக்கு இடமளித்தது அந்நகரின் மெதடிஸ்ட் ஆலயம். அந்நாளே இன்று அம்மக்களின் தேசிய நாளாகக் கொண்டாடப்படுகின்றது. சிறுபான்மைச் சபையொன்று தன் கதவைத் திறந்ததன் பயன் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது.

6. இக்கால நாடோடிகள்

1960-களிலிருந்து பனியில் ஓடும் இயந்திர வண்டிகள் வந்தபின், முழுக் குடும்பமும் கூடாரத்தோடு நடக்கும் வாழ்க்கை மறையலாயிற்று. இன்று சாமி மக்களுள் மான் மேய்ப்போர் சிறுபான்மையினரே. குடும்பம் வீட்டில் தங்க, மேய்ப்பர் மந்தையோடு செல்கின்றனர். எனினும் மான் இன்னும் பழைய பாதையையே நாடுகின்றது, வழக்கும் ஓயவில்லை. வடநாட்டுக் குடிமக்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் கடவுச்சீட்டின்றிச் செல்லும் உரிமையை 1952-இல் பெற்றனர். சுற்றுலாப் பயணிக்கு எல்லை மறைந்தது, மேய்ப்பர்க்கோ மறையவில்லை. 1972-இன் மேய்ச்சல் உடன்படிக்கை 2005-இல் காலாவதியாயிற்று; அதற்கு ஈடாக வரைந்த புதிய உடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. 2021-இல் நார்வேயின் உச்ச நீதிமன்றம், சுவீடனைச் சேர்ந்த சாரிவுவோமா மேய்ப்பர் சமூகத்திற்கு நார்வே மண்ணில் தொன்றுதொட்ட மேய்ச்சல் உரிமை உண்டு என்று அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பழைய பாதை இன்றும் சட்டத்தில் உயிரோடிருக்கின்றது.

இதே காலத்தில் நாடோடி என்னும் சொல்லுக்குப் புதுப் பெருமை வந்துள்ளது. கணினி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாடு நாடாய்த் தங்கித் தொழில்புரியும் வசதி படைத்தோர் தம்மை நாடோடிகள் என்றழைத்துக்கொள்கின்றனர். எஸ்தோனியா 2020-இல் அத்தகையோர்க்கெனத் தனி நுழைவுச்சீட்டு வழங்கத் தொடங்கிற்று. வேறு பல நாடுகளும் அவ்வாறே செய்தன. போதிய வருமானம் இருப்பதைக் காட்டினால் வழி திறக்கும். வழிவிடுதல் அரசுகளுக்கு இயலாத காரியமன்று என்பதை இது காட்டுகின்றது. யாருக்கு வழிவிடுவது என்பதே வினா.

திருச்சபையின் மனமாற்றமும் பதிவாகியுள்ளது. சுவீடன் திருச்சபை தன் பழைய செயல்களை ஆராய்ந்து 2016-இல் விரிவான நூல்களை வெளியிட்டது. 2021 நவம்பர் 24-ஆம் நாள் உப்சாலா பேராலயத்தில் தலைமைப் பேராயர் அந்த்யே யாக்கெலேன் சாமி மக்களிடம் திருச்சபையின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2022-இல் வடக்கேயுள்ள லூலியோவில் அது மீண்டும் கோரப்பட்டது. முன்பு ஒரு முதிய சாமியரிடமிருந்து பறிக்கப்பட்டுக் கோபன்ஹேகனில் இருந்த முரசு ஒன்றின் உரிமையும் 2022-இல் அம்மக்களின் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது.

7. நமக்குரிய பாடம்

நம் பழைய திருமறையில் ‘பரதேசி’ என்பது உயர்ந்த சொல். எபிரெயர் நிருபத்தின் விசுவாச வீரர்கள் தம்மைப் பூமியின்மேல் பரதேசிகள் என்று அறிக்கையிட்டனர். நம் தெருவிலோ அச்சொல் வசை. ஞாயிறன்று அப்பெயரை நமக்குச் சூட்டிக்கொண்டு, திங்களன்று வாயிலில் நிற்பவர்மேல் அதனையே எறிகின்றோம். இம்முரண்பாடு வடநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாகாணத்தில் 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், இடம்பெயர்ந்து வாழ்ந்த குலத்தார்க்கென்று ஏற்பட்ட குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பைக் கிறிஸ்தவ ஸ்தாபனமே ஏற்றது. அங்கே நாடோடி நாடோடியாகவே இருக்கவேண்டும் என்றனர். இங்கே இருக்கவே கூடாது என்றனர். இங்கும் அவர்களைக் கேட்டவர் இல்லை.

வார்த்தையானவர் நம்மிடையே வாசம்பண்ணினார் என்பதைக் குறிக்க யோவான் வழங்கும் கிரேக்கச் சொல், கூடாரமிடுதலைச் சுட்டுவது என்பதை மாணவர் அறிவர். கூடாரமிட்ட ஆண்டவரின் சபை, கூடாரத்தில் வாழ்வோரை உவமைப்பொருளாக மட்டும் கருதலாகாது. நாடோடிகளை நிலைப்படுத்துவதோ நாடோடிகளாய்க் காப்பதோ நம் பணியன்று. அவர்களுடைய பாதை எது என்று அவர்களிடமே கேட்டறிதலும், அப்பாதை அடைக்கப்படும் நாளில் அதை ஊழியத்தைச் சார்ந்த காரியமாகவே கொள்ளுதலும் நம் பணி. 1751-இல் அரசர்களால் அது ஓரளவேனும் இயன்றது. 1852-இல் ஆயர்களால் இயலாமற்போயிற்று. நம் ஊர்ப் புறம்போக்கில் இன்று கூடாரமிட்டிருப்போர், நாம் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை விரைவில் அறிந்துகொள்வர்.